மாத்திரை போட்ட கை

மருந்து பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தது கணவர்தான். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் எல்லா மூடிகளையும் அவர்தான் திறக்கிறார்.

“ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டு.”

“டாக்டர் ஒண்ணுதான் சொல்லியிருக்கார்.”

“டாக்டருக்கா இன்னிக்குப் பரீட்சை? எனக்குத்தானே.”

அவர் இரண்டு மாத்திரைகளைத் தன் உள்ளங்கையில் தட்டி, அவள் உள்ளங்கைக்கு மாற்றினார். கிள்ளி எடுத்துக்கொள்ள அவள் விரல்களுக்கு இன்னும் விடியவில்லை. வீட்டில் மற்றவர்களுக்கு விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் அவற்றுக்கு விடியும். அதுவரை வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்களுக்கு, தண்ணீருக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கும்.

தையல்கூடத்தில் அவளுக்குப் பெயர் மாஸ்டரம்மா. ஆண்களே மாஸ்டராக நின்ற வெட்டு மேஜையில் முதன்முதலாக வந்து நின்ற பெண். மருத்துவமனைக் கோட்டு, ஓட்டல் ஏப்ரன், காவலாளிச் சட்டை என்று அந்தக் கூடத்திலிருந்து வெளியே போகும் எந்தச் சீருடையும் அவள் கத்தரியைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்படித்தான் போகிறது என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படி இல்லை என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். டாக்டர் முடக்குவாதம் என்று சொன்ன பிறகு, கெட்டித் துணியில் கத்தரியை ஓட்ட அவளால் முடியாமல் போயிற்று. அவளுடைய நாத்தனார் அதே கூடத்தில் தையல் மெஷினில் இருக்கிறவள். புருஷனோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தவள். “அண்ணி, நீங்க சாக்பீஸால கோடு மட்டும் போட்டு வைங்க. காலைல யாரும் வர்றதுக்குள்ள போய் நான் வெட்டி வெச்சுடறேன். ஒருநாள்தானே” என்றாள். அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை.

போன வாரம்தான் சிக்கல் முளைத்தது. “வியாதியோட வேலை பார்க்கறவங்களை அந்த வேலையிலேயே நிறுத்தி வைக்க வழி சொல்ற ஒருத்தர் எங்ககிட்ட இருக்கார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உங்க இடத்துக்கே வந்து பார்ப்பார். முதலாளிகிட்ட பேசட்டுமா?” என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றால் ஏன் என்று டாக்டர் துருவிக் கேட்பாரே என்று மாஸ்டரம்மா தலையை ஆட்டிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

வழி சொல்ல வருகிறவர் என்பதைக் கணவர் நம்பவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். வண்டியைச் சோதிக்க வருகிற யாரும் வண்டி நன்றாக ஓடவேண்டும் என்ற ஆசையில் வந்ததாக அவர் அனுபவத்தில் இல்லை.

“நல்லதுக்குத்தான் வரேன்னு சொல்லுவான். கடைசில லாயக்கில்லைன்னு எழுதிட்டுப் போயிடுவான்” என்றார்.

ஆகவே மூவரும் உட்கார்ந்து, இன்ஸ்பெக்‌ஷன் வருகிற பள்ளிக்கூடம் மாதிரி ஏற்பாடு செய்தார்கள். கெட்டித் துணி எல்லாவற்றையும் நாத்தனார் முன்கூட்டியே வெட்டி ஒளித்துவிடுவது. மேஜைமேல் மெல்லிய லைனிங் துணி மட்டும். மாத்திரை இரண்டு.

“பதறாம பேசு” என்றார் கணவர், வேன் சாவியை எடுத்துக்கொண்டே. “கேட்டதுக்கு மட்டும் பதில். எதையும் அதிகமாத் தூக்கிக் காட்டாத.”

“தூக்காமலும் இருக்கக் கூடாதே.”

“அதான். நடுவுல.”

நடுவில் என்பது எவ்வளவு எடை என்று அவர் சொல்லவில்லை.

•

கூடத்துக்குள் நுழைந்தபோது கைகள் இரண்டும் அவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு இலகுவாக இருந்தன. வலி போய்விடவில்லை, பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதுபோல இருந்தது.

நீண்ட கூடம். ஒரு பக்கம் ஜன்னல் வரிசை, அதன் கீழே தையல் மெஷின்கள். எதிர்ச்சுவரை ஒட்டி வெட்டு மேஜை. நாத்தனார் தன் மெஷினில் உட்கார்ந்து, எதுவுமே தெரியாதவள் மாதிரி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் காவலாளிச் சட்டைத் துணிகள் வெட்டிக் கட்டுக் கட்டாக இருந்தன. மேலே ஒரு பழைய போர்வை.

முதலாளி ஒரு மனிதரை அழைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். தோளில் ஒரு துணிப்பை, கழுத்தில் தையல்காரர் மாதிரி அளவு நாடா.

“நம்மாள் மாதிரியே வந்திருக்காருடி” என்று மெஷின் வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

“வணக்கம்மா. நான் டாக்டர் இல்லை, முதல்லயே சொல்லிடறேன். ஊசியெல்லாம் போடமாட்டேன்” என்றார் அவர்.

“தெரபி சார்” என்று முதலாளி அறிமுகப்படுத்தினார். கூடம் முழுக்க அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தார். “எப்பவும் செய்யறதைச் செய்யுங்க. நான் சும்மா பார்த்துட்டிருக்கேன்.”

அவள் லைனிங் துணியை விரித்தாள். அளவுக்கு வெட்டிய அட்டையை அதன்மேல் வைத்தாள். சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டாள். கத்தரியை எடுத்து, கழுத்து வளைவில் ஒரே வீச்சில் ஓட்டினாள். துணி சத்தமில்லாமல் பிரிந்தது. இப்படி வெட்டி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தபோது, பயத்தின் நடுவிலும் ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“கையைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

நீட்டினாள். அவர் ஒவ்வொரு விரல் கணுவாக மெதுவாக அழுத்திப் பார்த்தார். மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“வலிக்குதா?”

“இல்லை சார்.”

“காலைல பல் தேய்க்கும்போது?”

“எல்லாரையும் மாதிரிதான்.”

“சட்டைப் பொத்தான்?”

“போட்டுக்கறேன்.” கணவர் போட்டுவிடுகிறார் என்பதை மென்று விழுங்கினாள்.

“துணி ரோலை யார் இறக்குவாங்க?”

“நான்தான்.”

அவர் அவள் முகத்தையும் வீங்கியிருந்த கணுக்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். பிறகு முதலாளியிடம் திரும்பினார்.

“கணு வீங்கியிருக்கு. ஆனா வேலைக்கு இடைஞ்சலா எதுவும் என் கண்ணுல படலை. நான் பார்த்ததைத்தானே சொல்ல முடியும். கெட்டித் துணிக்கு ஒரு சின்ன வெட்டு மெஷின் கேட்கணும்னு நினைச்சு வந்தேன். மாஸ்டரம்மா சொல்றதைப் பார்த்தா அதுக்குத் தேவை இல்லை.”

முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் கெட்ட மனிதர் அல்ல, கவலைப்படுகிற மனிதர். ஒரு கவலை தீர்ந்தால் அந்த இடத்தில் உடனே ஒரு வேலையை வைத்துவிடுவார்.

“அப்பாடா. இதுக்காகத்தான் ஒரு ஆர்டருக்குப் பதில் சொல்லாம இருந்தேன் மாஸ்டர். இரும்புப் பட்டறைக்கு கேன்வாஸ் ஏப்ரன். அத்தனையும் தடிப்பான துணி. உங்க கை எப்படியோன்னு தயங்கினேன். இப்பவே சரின்னு சொல்லிடறேன். திங்கட்கிழமை துணி வந்துடும்.”

கேன்வாஸ் என்ற சொல் விழுந்ததும் மாஸ்டரம்மா தன்னையறியாமல் நாத்தனார் பக்கம் பார்த்தாள். நாத்தனார் மெஷினை ஓட்டவில்லை. நூல் கோத்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் சாயங்காலம் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை வரேன்” என்றார் தெரபி சார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. “மெஷின்காரங்க நாற்காலியெல்லாம் உயரம் சரியில்லை. அளந்துட்டுப் போறேன், வந்ததுக்கு.”

அவர் போனதும் கணவரிடமிருந்து போன் வந்தது. பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

“என்னாச்சு, பாஸா?”

“பாஸ்.”

“அவன் கையைப் பிடிச்சுப் பார்த்தானா?”

“பார்த்தார்.”

“நான்கூட இத்தனை வருஷத்துல அப்படிப் பிடிச்சுப் பார்த்ததில்லை” என்று சிரித்தார். அவளும் சிரிக்க முயன்றாள். 

•

மதியச் சாப்பாட்டுக்கு இருவரும் மாடிப்படி வளைவில் உட்கார்வது வழக்கம். நாத்தனார் டிபன் பாக்ஸைத் திறந்து அண்ணி முன்னால் நகர்த்திவிட்டு, தன்னுடையதைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“சாப்பிடலையா?”

“அண்ணி, கேன்வாஸை என்னால வெட்ட முடியாது.”

“உன்னை நான் கேட்கவே இல்லையே.”

“கேட்க வேண்டாம். திங்கட்கிழமை துணி வந்து இறங்கும். நீங்க கோடு போட்டு வெச்சுட்டு என் முகத்தைப் பார்ப்பீங்க. அவ்வளவுதானே நடக்கும்?”

மாஸ்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. “நீயாத்தானே வந்து செய்யறேன்னு சொன்ன?”

“சொன்னேன். ஒருநாள்னு சொன்னேன்.” நாத்தனார் குரலை உயர்த்தவில்லை. “விடியறதுக்குள்ள எழுந்து ஓடி வந்து உங்க வேலையைப் பார்த்துட்டு, அப்புறம் என் மெஷின்ல உட்கார்ந்தா கண்ணு சொக்குது. காலர் கோணலாப் போகுது. மெஷின் வரிசை மேஸ்திரி என்னைத்தான் திட்டறார். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுட்டுதான் இருக்கீங்க.”

“வீட்டுக்காகத்தானே ரெண்டு பேரும்...”

“வீட்டுக்காகத்தான். இன்னிக்குப் பரீட்சைல நீங்க பாஸாயிட்டீங்க. பெயிலானது நான்.”

அவள் எழுந்து போய்விட்டாள். திறக்காத டிபன் பாக்ஸ் படியிலேயே இருந்தது.

மாஸ்டரம்மா ஸ்பூனை எடுத்தாள். எடுத்த விரல்கள் மடங்க மறுத்தன. காலையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வலி, கதவைத் திறந்துகொண்டு நிதானமாக உள்ளே வந்தது. முதலில் கட்டைவிரல் அடி. பிறகு மணிக்கட்டு. இரண்டு மாத்திரையாக இருந்தாலும் ஒரு நாள் முழுக்கத் தாங்காது என்பதை அவர்கள் மூவரும் யோசிக்கவில்லை.

படியிலேயே உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சொல்லாவிட்டால், திங்கட்கிழமை கேன்வாஸ் வரும். வெட்ட ஆள் இருக்காது. ஏமாற்றினாள் என்ற பேரோடு மேஜையை விட்டு இறங்கவேண்டும். சொன்னால், இன்றைக்கே இறங்க வேண்டியிருக்கலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் மேஜை கைநழுவுவதாகத்தான் தெரிந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: சாயங்காலம் வரைக்கும் அந்த மனிதர் இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறார். திங்கட்கிழமை இருக்கமாட்டார்.

•

தெரபி சார் நாற்காலிகளை அளந்து முடித்து நாடாவைச் சுருட்டியபோது, மாஸ்டரம்மா மேஜைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“சார், ஒரு நிமிஷம். முதலாளியையும் வரச் சொல்லுங்க.”

மூலையில் பழைய ஆர்டரில் மிஞ்சிய கேன்வாஸ் துண்டு ஒன்று கிடந்தது. அதை இழுத்து மேஜைமேல் போட்டாள். அதற்கே மூச்சு வாங்கியது. முதலாளி வந்து நின்றதும் கத்தரியை எடுத்தாள்.

முதல் வெட்டுக்குக் கத்தரி துணியைக் கவ்வியது. இரண்டாவதற்குக் கட்டைவிரல் திறக்கவில்லை. இடதுகையைக் கொண்டுவந்து பிரித்தாள். மறுபடி அழுத்தினாள். கத்தரி துணியில் சிக்கி நின்றது. விரல்களை வளையத்திலிருந்து வெளியே எடுக்கவும் முடியவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

“காலைல நீங்க பார்த்தது மாத்திரை போட்ட கை சார்” என்றாள். “ரெண்டு போட்டிருந்தேன். இதுதான் என் கை.”

 தெரபி சார்தான் முதலில் அசைந்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகக் கத்தரி வளையத்திலிருந்து விடுவித்தார்.

“ரெண்டு ரெண்டா போடறது எவ்வளவு நாளா?”

“இன்னிக்கு மட்டும்.”

“இனிமே வேண்டாம். வயிறு போயிடும், சிறுநீரகம் போயிடும். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. இல்லேன்னா நான் சொல்லவேண்டி வரும்.” திட்டுகிற குரலாக இல்லை. வேலையை ஆரம்பிக்கிற குரலாக இருந்தது. “இப்ப முதல்லேர்ந்து கேட்கறேன். காலைல கை எப்போ சரியாகுது?”

இந்த முறை அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பல் துலக்கும் பிரஷ், பொத்தான், பாட்டில் மூடி, வெந்நீர். சொல்லச் சொல்ல வெட்கமும் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு ஆறுதலும் சேர்ந்து வந்தன. அவர் எதற்கும் உச்சுக் கொட்டவில்லை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார்.

கட்டைவிரல் அடியையும் மணிக்கட்டையும் தாங்கும் ஒரு பட்டையை மாட்டிவிட்டார். சாக்பீஸைச் சுற்றி ஸ்பாஞ்சு வைத்துக் கட்டி, எலுமிச்சம்பழம் தடிமனுக்கு ஆக்கிக் கொடுத்தார். “கிள்ளிப் பிடிக்காதீங்க. மொத்தக் கையாலயும் பிடிங்க.” துணி நகராமல் இடது உள்ளங்கையால் அழுத்திக்கொள்வது அவள் பழக்கம், அதற்குப் பதிலாக மெஷின் வரிசையிலிருந்து இரண்டு இரும்புத் துண்டுகளைக் கேட்டு வாங்கித் துணிமேல் வைத்தார். மேஜை அவள் இடுப்புக்குக் கீழே இருந்தது. மேஜைக் கால்களுக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தவேண்டும் என்றார். காலையில் அட்டை, கணக்கு, அளவு. கை இளகின பிறகு வெட்டு. நடுவில் கையை இறக்கி வைக்கச் சின்னச் சின்ன ஓய்வு.

“இப்ப அந்த லைனிங்கை வெட்டுங்க. ஸ்பிரிங் வெச்ச கத்தரி இது. அழுத்தினாப் போதும், தானே திறந்துக்கும்.”

வெட்டினாள். வலித்தது. ஆனால் நிற்கவில்லை. கோடு கோடாகவே வந்தது.

“கேன்வாஸ்?” என்று முதலாளி கேட்டார்.

“கேன்வாஸை இந்தக் கை, கத்தரியால வெட்டவே கூடாது. மெஷின்தான். மேஜைமேல தானா உருண்டு போற சின்ன மெஷின். அதோட எடை கையில விழாது. காலைல வேண்டாம்னு சொன்னதைத் திருப்பிக்கறேன். நான் பார்த்தது தப்பு.”

“நீங்க பார்த்தது தப்பில்லை சார்” என்றாள் மாஸ்டரம்மா. “நாங்க காட்டினதுதான்.”

முதலாளி கேன்வாஸ் துண்டையும் அதில் பாதியில் நின்ற வெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபம் வரவில்லை, கணக்குத்தான் வந்தது.

“ஆர்டருக்குச் சரின்னு சொல்லிட்டேனே மாஸ்டர். மெஷின் இன்னிக்கே கிடைச்சுடுமா? அதை நீங்க பழகணும், கை ஒத்துக்கணும். அதுவரைக்கும்?” திடீரென்று நிமிர்ந்தார். “இருங்க. கை இப்படின்னா, இவ்வளவு நாளா காவலாளிச் சட்டையெல்லாம் வெட்டினது யாரு?”

மாஸ்டரம்மா வாயைத் திறக்குமுன் நாத்தனார் எழுந்தாள்.

“நான்தான் சார்.”

முதலாளி குனிந்து, போர்வையை விலக்கி, ஒரு கட்டைப் பிரித்தார். கைப்பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிசிறில்லை.

“நல்லா வெட்டியிருக்கியே.” அவர் யோசிக்க அதிகநேரம் எடுத்துக்கொள்கிறவர் அல்ல. “அப்ப இந்த மேஜையை நீயே எடுத்துக்கோயேன். மாஸ்டரை எங்கேயாவது உட்கார்ந்த வேலையா பார்த்துப் போட்டுடறேன். வீட்டுக்குள்ளயேதானே, சண்டை ஒண்ணும் வராதே?”

“அவங்க இந்த மேஜையிலயே தொடர முடியும் சார்” என்று தெரபி சார் குறுக்கிட்டார். “அதுக்குத்தான் நான் வந்தேன். ஒரு வாரம் மெஷினை வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம். திங்கட்கிழமை காலைல, மாத்திரைக்கு முன்னாடி நானே வந்து நிக்கறேன்.”

முதலாளி அவருக்குத் தலையை ஆட்டினார். ஆனால் பார்வை நாத்தனார்மேலேயே இருந்தது. “நீ சொல்லும்மா.”

மாஸ்டரம்மாவுக்கு அந்தப் பதில் தெரியும் என்றே தோன்றியது. அண்ணி இருக்கும்போது நான் எப்படி சார் என்பாள். அப்படித்தான் அந்த வீட்டில் பேசிக்கொள்வார்கள். எல்லாரும் எல்லாருக்காகவும் வேண்டாம் என்பார்கள்.

“எனக்கு அந்த மேஜை வேணும் சார்” என்றாள் நாத்தனார்.

 சொன்னவளே தான் சொன்னதைக் கேட்டுத் திகைத்தவள் மாதிரி நின்றாள். பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில், “பொய் சொல்ல வரலை அண்ணி. நீங்களே சொல்லிட்ட பிறகு நான் மட்டும் எப்படிச் சொல்றது” என்றாள்.

“மேஜை ஒண்ணுதான் இருக்கு” என்றார் முதலாளி, யாரிடம் என்றில்லாமல். “திங்கட்கிழமை பார்த்துக்கலாம். மெஷின் வரட்டும். ரெண்டு பேரும் வாங்க.” அவர் தெரபி சாரை அழைத்துக்கொண்டு வாசல்பக்கம் போனார். மெஷின்கள் மறுபடி ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன.

மாஸ்டரம்மா மேஜையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நின்றாள். ஆத்திரம் வரவேண்டும் என்று எதிர்பார்த்தாள். வந்தது, ஆனால் அது எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. இவள் கேட்டது என் வேலையை. இவ்வளவு நாளும் செய்ததும் என் வேலையைத்தான்.

நாத்தனார் மேஜைமேல் கிடந்த பழைய கத்தரியை எடுத்து ஓரமாக வைக்கப் போனாள். வளையத்துக்குள் விரலை நுழைக்கும்போது அவள் முகம் ஒரு கணம் சுளித்தது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்கமாட்டார்கள். அந்தச் சுளிப்பை மறைக்க இரண்டு வருஷமாகப் பாடுபட்டவளுக்கு அது கண்ணில் படாமல் போகாது.

“இங்க வா” என்றாள் மாஸ்டரம்மா. “கையைக் காட்டு.”

“ஒண்ணுமில்லை அண்ணி.”

“காட்டுன்னு சொல்றேன்ல.”

நாத்தனார் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, வலதுகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.